அயனிப் பிணைப்புக்கும் சகப்பிணைப்புக்கும் உண்மையான வித்தியாசம் என்ன? 1.7 விதி ஏன் சில இடங்களில் பொய்க்கிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. இரண்டு அணுக்களின் எலக்ட்ரான் கவர்தன்மை (பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறன்) வேறுபாடு 1.7-ஐத் தாண்டினால் அயனிப் பிணைப்பு, தாண்டாவிட்டால் சகப்பிணைப்பு என்று படித்திருக்கிறீர்கள். ஹைட்ரஜன் புளோரைடுக்குக் கழித்துப் பார்த்தால் 1.9 வருகிறது, அதே புத்தகம் அதைச் சகப்பிணைப்பு என்கிறது. அலுமினியம் குளோரைடில் உலோகம் இருக்கிறது, அதையும் சகப்பிணைப்பில் சேர்க்கிறது. எதை நம்புவது? மேலே தெரிவது இரண்டு விதிவிலக்குகள். உண்மையில் நீங்கள் கேட்டிருப்பது, இந்த இரண்டு பிணைப்புக்கும் நடுவே இயற்கை கோடு போட்டிருக்கிறதா, நாம் போட்டுக்கொண்டதா என்பதை. கோடு நாம் போட்டதுதான். ஆனால் கோட்டின் இரண்டு முனைகளிலும் இருப்பவை நிஜமாகவே வேறு வேறு. அந்த வேறுபாட்டைக் ‘கொடுத்தல்’, ‘பகிர்தல்’ என்ற இரண்டு சொற்களில் அடைக்கப் பார்ப்பதால்தான் குழப்பமே வருகிறது. (இலங்கைப் பாடத்திட்டத்தில் படிப்பவர்கள் சகப்பிணைப்பைப் பங்கீட்டு வலுப் பிணைப்பு என்றும், எலக்ட்ரான் கவர்தன்மையை மின்னெதிர்த்தன்மை என்றும் வாசித்துக்கொள்ளலாம்.)

உப்பிலிருந்து தொடங்குவோம். சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்கத் துடிக்கிறது, குளோரின் வாங்கத் துடிக்கிறது, வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் நிரம்பியதும் இரண்டும் நிம்மதி அடைகின்றன என்று வகுப்பில் ஒரு கதை ஓடும். வரவு செலவு பார்த்தால் கதை நிற்காது. வாயு நிலையில் இருக்கும் ஒரு மோல் சோடியம் அணுக்களிடமிருந்து தலைக்கு ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவு. அவற்றைக் குளோரின் அணுக்களிடம் சேர்த்தால் 349 கிலோஜூல் வரவு. ஆக, கொடுக்கல் வாங்கலில் மட்டும் 147 கிலோஜூல் நஷ்டம். அதற்கு முன்பே உலோகச் சோடியத்தை ஆவியாக்க 107, குளோரின் மூலக்கூறைப் பிளந்து அணுவாக்க 122 செலவாகியிருக்கும். மொத்தம் 376 கிலோஜூல் கையை விட்டுப் போயிருக்கிறது, உப்பு இன்னும் வரவில்லை. இந்த அயனிகள் நெருங்கி வந்து படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது 787 கிலோஜூல் வெளிவருகிறது. இதுதான் படிகக்கூடு ஆற்றல். 787-இல் 376 போக மீதி 411. சோடியமும் குளோரினும் வினைபுரிந்து ஒரு மோல் உப்பு உண்டாகும்போது வெளிவரும் வெப்பம் அதுதான்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரவேண்டும். அந்த 787 என்ற எண்ணே இதே கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பெறுவதுதானே, பிறகு அது எப்படிச் சான்றாகும்? சரிதான். ஆனால் அயனிகளை வெறும் மின்னேற்றம் கொண்ட உருண்டைகளாக வைத்துக்கொண்டு, மின்னேற்றங்களின் ஈர்ப்பைச் சொல்லும் கூலூம் விதியையும், மிக நெருங்கினால் அயனிகள் ஒன்றையொன்று தள்ளுவதையும் மட்டும் நம்பித் தனியாகக் கணக்கிட்டாலும் விடை அதற்குச் சில சதவீதத்துக்குள் வந்து நிற்கிறது. உப்பை அயனிச் சேர்மம் என்று தைரியமாகச் சொல்ல வைப்பது அந்தப் பொருத்தம்தான். வெள்ளி அயோடைடுக்கு இதே கணக்கைப் போட்டால் இடைவெளி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு விரிகிறது. அது ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

‘எட்டு’ என்பது காரணம் அல்ல, விளைவு. சோடியத்திடமிருந்து இரண்டாவது எலக்ட்ரானை எடுக்க 4562 கிலோஜூல் வேண்டும். அந்தச் செலவை எந்தப் படிகக்கூடும் ஈடுகட்டாது, அதனால் ஒன்றோடு நின்றுவிடுகிறது. ஆக்சைடு அயனி இன்னும் நல்ல உதாரணம். தனி ஆக்சிஜன் அணு முதல் எலக்ட்ரானை மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளும். இரண்டாவதை நாம்தான் ஆற்றல் செலவழித்துத் திணிக்க வேண்டும், ஏற்கெனவே எதிர்மின்னேற்றம் உள்ள இடத்தில் இன்னொரு எலக்ட்ரான் என்பதால். இரட்டை மின்னேற்றம் கொண்ட ஆக்சைடு அயனி வாயு நிலையில் தனியாக நிலைக்காது. மெக்னீசியம் ஆக்சைடில் அது நிலைத்திருப்பது, அங்கே படிகக்கூடு ஒரு மோலுக்குச் சுமார் 3800 கிலோஜூல் தருவதால்தான். அந்தப் பொருள் 2800 டிகிரி செல்சியஸ் தாண்டித்தான் உருகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, படிகத்துக்குள் என்ன இருக்கிறது? ஒவ்வொரு சோடியம் அயனியையும் சுற்றி, மேல், கீழ், முன், பின், இடம், வலம் என்று ஆறு குளோரைடு அயனிகள், ஒவ்வொன்றும் 282 பிக்கோமீட்டர் தூரத்தில். ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் அதே போல ஆறு சோடியம். தூள் உப்பின் ஒரு பொடிக்கு விளிம்பு 0.3 மில்லிமீட்டர் என்று வைத்தால், அந்த விளிம்பில் மட்டும் ஏறத்தாழ 10 லட்சம் அயனிகள் வரிசையாக நிற்கும். இதில் எந்தச் சோடியத்தின் எலக்ட்ரான் எந்தக் குளோரினிடம் போயிற்று என்று கேட்பதில் பொருளே இல்லை. உப்புப் படிகத்தில் ‘சோடியம் குளோரைடு மூலக்கூறு’ என்று ஒன்று கிடையாது. நாம் எழுதும் வாய்பாடு வெறும் விகிதம். இதை ஜீரணிக்கத் திணறுவது மாணவர்கள் மட்டுமல்ல. லாரன்ஸ் பிராக் 1913-இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இந்த அமைப்பைக் கண்டுசொன்ன பிறகும், ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற மூத்த ஆங்கில வேதியியலாளர் 1927-இல் நேச்சர் இதழுக்குக் கடிதம் எழுதி, மூலக்கூறே இல்லாத சதுரங்கப் பலகையா உப்பு என்று பொரிந்து தள்ளினார்.

நான் வித்தியாசம் என்று சொல்வது இதைத்தான். அயனிப் பிணைப்புக்குத் திசை கிடையாது, ஜோடியும் கிடையாது. நேர் அயனி தன்னைச் சுற்றி இடம் இருக்கும் அளவுக்கு எதிர் அயனிகளை எல்லாத் திசையிலிருந்தும் இழுக்கும். எத்தனை பேர் சுற்றி நிற்கலாம் என்பதை முடிவு செய்வதில் அயனிகளின் பருமனுக்குப் பெரிய பங்கு உண்டு. சோடியத்தைச் சுற்றி ஆறு என்றால், அதைவிடப் பெரிய சீசியத்தைச் சுற்றி எட்டு குளோரைடுகள் நிற்கின்றன. சகப்பிணைப்பில் திசையும் உண்டு, ஜோடியும் உண்டு. இரண்டு அணுக்கருக்களுக்கு நடுவே ஒரு எலக்ட்ரான் இரட்டை குவிந்து, இரண்டையும் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. மீத்தேனில் கார்பன் நான்கு ஹைட்ரஜன்களை 109.5 பாகைக் கோணத்தில் வைத்திருக்கிறது. ஐந்தாவது வந்தால் சேர்த்துக்கொள்ளாது. நீரில் கோணம் 104.5 பாகை, அது திரவமானாலும் நீராவியானாலும் பெரிதாக மாறாது. எண்ணிக்கையும் கோணமும் இப்படிக் கட்டுக்குள் இருப்பதால்தான் எல்லை உள்ள தனி மூலக்கூறு என்ற பொருளே உண்டாகிறது.

அடுத்து, விடைத்தாள்களில் ஓயாமல் வரும் ஒரு தவறு: “சகப்பிணைப்பு பலவீனமானது, ஆகவே உருகுநிலை குறைவு.” இதில் முதல் பாதியே பிழை. நீரில் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க மோலுக்கு 463 கிலோஜூல் வேண்டும். ஒரு மோல் நீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்க ஆவது சுமார் 41 கிலோஜூல். கொதிக்கும் பாத்திரத்தில் ஒரு சகப்பிணைப்பும் அறுபடுவதில்லை, மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன, அவ்வளவுதான். மீத்தேன் −161 டிகிரியிலேயே கொதிக்கிறதே என்றால், அதன் மூலக்கூறுகளுக்கு இடையேயான ஈர்ப்பு சொற்பம் என்று பொருள். உள்ளே இருக்கும் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு 413 கிலோஜூல் வலுவோடு அப்படியே இருக்கிறது. பிணைப்பே படிகம் முழுவதும் ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு ஆற்று மணலைப் பாருங்கள். குவார்ட்சில் சிலிக்கானும் ஆக்சிஜனும் மூலக்கூறாகப் பிரியாமல் முடிவில்லாமல் கோர்த்திருக்கின்றன, அது உருக 1700 டிகிரி தேவை. 801 டிகிரியில் உருகும் உப்பு அதற்குப் பாதிகூட இல்லை. ஆகவே உருகுநிலையைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது, அங்கே இருப்பது தனி மூலக்கூறா, தொடர் வலையா என்பதை.

வீட்டிலேயே இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம், ஆனால் சரியாகச் செய்ய வேண்டும். பழைய எவர்சில்வர் கரண்டி ஒன்றில் அரைத் தேக்கரண்டி சர்க்கரையை வைத்துச் சிறு தீயில் காட்டினால் இளகி, மஞ்சளாகி, பழுப்பாகி, பாகு வாசனை வரும், பிறகு கருகும். அது சும்மா உருகுவதல்ல. 186 டிகிரி வாக்கில் உருகத் தொடங்கும்போதே மூலக்கூறுக்குள் இருக்கும் பிணைப்புகளும் அறுபட்டு நீர் வெளியேறுகிறது. நிறமும் வாசனையும் புதிதாக உண்டான பொருள்களுடையவை. அதே கரண்டியில் உப்பை வைத்தால் எதுவும் நடக்காது. கல் உப்பாக இருந்தால் படபடவென்று தெறிக்கும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படிகத்துக்குள் சிக்கியிருக்கும் துளித் தண்ணீர் ஆவியாகி வெடிப்பதுதான் அந்தச் சத்தம், பிணைப்பு அறுபடுவதல்ல.

மின்கடத்தும் சோதனைக்கு 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்இடி ஒன்று, 470 ஓம் மின்தடை, இரண்டு பக்கமும் சீவிய பென்சில் இரண்டு. எல்லாவற்றையும் வரிசையாக இணைத்துப் பென்சில் முனைகளை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் திரவத்துக்குள் விடுங்கள். இதில் பலருக்கும் தவறிப்போகும் இடம் தண்ணீர். குழாய்த் தண்ணீரிலும் போர்வெல் தண்ணீரிலும் கரைந்திருக்கும் உப்புகளே எல்இடியை மங்கலாக எரிய வைத்துவிடும், பிறகு சர்க்கரையும் மின்சாரம் கடத்துகிறது என்று முடிவுக்கு வந்துவிடுவீர்கள். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் பேட்டரித் தண்ணீரை வாங்குங்கள். 200 மில்லியில் ஒரு தேக்கரண்டி உப்பு போட்டால் எல்இடி பளிச்சென்று எரியும், சர்க்கரை எவ்வளவு போட்டாலும் எரியாது. உலர்ந்த உப்புத் தூளுக்குள் முனைகளைச் செருகினாலும் எரியாது. அயனிகள் இருக்கின்றன, நகர வழியில்லை. பென்சிலுக்குப் பதில் ஆணியோ கம்பியோ வைத்தால் அது அரித்துத் தண்ணீர் பழுப்பாகிவிடும். உப்புக் கரைசலில் ஒரு முனையில் குளோரின் வாயு வரும், அதனால் ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். வீட்டு மின்இணைப்பை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. கடைசியாக அதே பேட்டரித் தண்ணீரில் எலுமிச்சைச் சாற்றை விட்டுப் பாருங்கள். எல்இடி உப்புக்கு எரிந்ததைவிட மங்கலாக எரியும். சிட்ரிக் அமிலம் சகப்பிணைப்பு மூலக்கூறுதான், ஆனால் தண்ணீரில் அதன் ஒரு பகுதி புரோட்டானை இழந்து அயனியாகிறது. கரைசல் மின்சாரம் கடத்துகிறது என்பதை மட்டும் வைத்து, கரைவதற்கு முன் பொருள் அயனியாக இருந்தது என்று சொல்ல முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும். உறுதியான சோதனை, தண்ணீரே இல்லாமல் உருக்கிப் பார்ப்பது. உப்புக்கு வேண்டிய 801 டிகிரி வீட்டு அடுப்பில் கரண்டிக்கு ஏறாது.

‘அயனிச் சேர்மம் தண்ணீரில் கரையும், சகப்பிணைப்புச் சேர்மம் கரையாது’ என்ற பாடத்தையும் இதே இடத்தில் ஓரமாக வைத்துவிடலாம். 100 கிராம் தண்ணீர் சுமார் 36 கிராம் உப்பைக் கரைக்கும், சர்க்கரையை 200 கிராம் வரை கரைக்கும். பேரியம் சல்பேட் அயனிச் சேர்மம், கரையவே கரையாது. அதனால்தான் குடலை எக்ஸ்ரே எடுக்கும் முன் நச்சுள்ள பேரியத்தை அந்த வடிவத்தில் தைரியமாகக் குடிக்கக் கொடுக்கிறார்கள்.

இப்போது 1.7-க்கு வருவோம். லைனஸ் பாலிங் என்ற அமெரிக்க வேதியியலாளர் எலக்ட்ரான் கவர்தன்மைக்கு 1932-இல் ஓர் அளவுகோல் அமைத்தார். வேறுபாட்டிலிருந்து அயனித்தன்மையின் சதவீதத்தை மதிப்பிட ஒரு சூத்திரத்தையும் பின்னர் தந்தார். அந்தச் சூத்திரத்தில் 1.7 போட்டால் 51 சதவீதம் வரும். பாதி தாண்டிவிட்டது, எனவே அயனி என்று வைத்துக்கொள்வோம் என்பதுதான் 1.7-இன் பிறப்பு. அந்த இடத்தில் எந்தப் பண்பும் சட்டென்று மாறுவதில்லை. தேர்வு மதிப்பெண்ணில் 35 எடுத்தால் தேறினார், 34 என்றால் இல்லை என்பது போன்ற கோடு அது.

ஹைட்ரஜன் புளோரைடுக்குப் பழைய அட்டவணைப்படி 4.0-இல் 2.1 போக 1.9, திருத்திய மதிப்புகளில் 3.98-இல் 2.20 போக 1.78. எப்படிப் போட்டாலும் கோட்டைத் தாண்டுகிறது. ஆனாலும் அது 19.5 டிகிரியில் கொதிக்கும் மூலக்கூறுப் பொருள். காரணம் ஹைட்ரஜனின் தனித்தன்மை. அதன் ஒரே எலக்ட்ரானைப் பிடுங்க 1312 கிலோஜூல் வேண்டும், புளோரின் திருப்பித் தருவது 328 தான். 984 கிலோஜூல் நஷ்டம், சோடியம்–குளோரின் கொடுக்கல் வாங்கலில் வந்த 147-ஐப் போல ஆறு மடங்குக்கு மேல். அப்படியே பிடுங்கினாலும் மிஞ்சுவது எலக்ட்ரான் உடுப்பே இல்லாத புரோட்டான். அது மற்ற நேர் அயனிகளைப் போல ஒதுங்கி நிற்காது, பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரான் மேகத்துக்குள் புதைந்துகொள்ளும். புதைந்துகொண்டால் அதற்குப் பெயர்தான் சகப்பிணைப்பு. நேர், எதிர் மின்னேற்றங்கள் எவ்வளவு பிரிந்திருக்கின்றன என்று காட்டும் இருமுனை திருப்புத்திறன் இதற்கு 1.82 டிபை (டிபை அதன் அலகு). ஒரு எலக்ட்ரான் முழுசாகக் கைமாறியிருந்தால் 4.40 டிபை இருக்க வேண்டும். ஆக அயனித்தன்மை 41 சதவீதம்.

இதைவிட விதியைக் கவிழ்க்கும் இணை ஒன்று உண்டு. போரான் டிரைபுளோரைடில் வேறுபாடு 1.94, சோடியம் அயோடைடில் 1.73. விதிப்படி முதலாவது அதிக அயனித்தன்மை உள்ளதாக இருக்க வேண்டும். நடப்பில் முதலாவது −100 டிகிரியில் கொதிக்கும் வாயு, இரண்டாவது 661 டிகிரியில் உருகும் படிகம். தலைகீழாகவும் ஓர் உதாரணம்: லித்தியம் ஹைட்ரைடில் வேறுபாடு வெறும் 1.22, ஆனால் உப்பின் அதே படிக அமைப்பு, உருக்கி மின்னாற்பகுத்தால் ஹைட்ரஜன் நேர்மின்வாயில் வருகிறது, அதாவது ஹைட்ரைடு என்ற எதிர் அயனியாக இருந்திருக்கிறது. விஷயம் என்னவென்றால், வேறுபாடு மட்டும் போதாது, இரண்டின் சராசரியும் வேண்டும். இரு அணுக்களுமே எலக்ட்ரானை இறுகப் பிடிப்பவையாக இருந்தால் (போரான் டிரைபுளோரைடில் சராசரி 3.0), நடுவில் குவிந்த எலக்ட்ரான் இரட்டையே லாபம். ஒன்றாவது தளர்வாகப் பிடிப்பதாக இருந்தால் (சோடியம் அயோடைடில் 1.8) அயனி சுலபம். இரண்டுமே தளர்வு என்றால் உலோகப் பிணைப்பு. இப்படி மூன்று மூலைகள் கொண்ட முக்கோணமாக இதை வான் ஆர்க்கெல் 1941-இலும் கெட்டலார் 1947-இலும் வரைந்து காட்டினார்கள். ஒரு கோட்டில் இரண்டு முனை என்பதைவிட இந்த முக்கோணம்தான் என் பார்வையில் நேர்மையான படம், பல பள்ளிப் பாடங்களுக்குள் அது இன்னும் வராதது வருத்தம்.

அலுமினியம் குளோரைடுக்குத் தேவைப்படுவது ஃபஜான்ஸ் என்ற வேதியியலாளர் 1923-இல் சொன்ன விதி. நேர் அயனி சிறியதாகவும் மின்னேற்றம் அதிகமாகவும் இருந்து, எதிர் அயனி பருத்ததாக இருந்தால், எதிர் அயனியின் எலக்ட்ரான் மேகம் நேர் அயனியின் பக்கம் இழுபட்டு நடுவில் குவியும். அயனியாகத் தொடங்கியது சகப்பிணைப்பாக நழுவும். மூன்று எலக்ட்ரானை இழந்த அலுமினியத்தின் ஆரம் 54 பிக்கோமீட்டர், சோடியம் அயனிக்கு 102. புளோரைடு 133, குளோரைடு 181. இறுக்கமான புளோரைடை அலுமினியத்தால் அவ்வளவாக இழுக்க முடியவில்லை, எனவே அலுமினியம் புளோரைடு 1290 டிகிரி வாக்கில்தான் பதங்கமாகிறது, அதாவது உருகாமலே ஆவியாகிறது. குளோரைடு 180 டிகிரியிலேயே பதங்கமாகிவிடுகிறது. இதில் பாடநூல்கள் விட்டுவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. திண்ம அலுமினியம் குளோரைடில் ஒவ்வொரு அலுமினியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன, பார்வைக்கு அயனிப் படிகம் போலவே இருக்கும். அழுத்தத்தில் வைத்து உருக்கினால், 190 டிகிரியைத் தாண்டியதும் அது இரண்டிரண்டாகச் சேர்ந்த மூலக்கூறுகளாக உடைகிறது. இரண்டு அலுமினியம், ஆறு குளோரின், அவற்றில் இரண்டு குளோரின்கள் பாலமாக, ஈதல் சகப்பிணைப்போடு (எலக்ட்ரான் இரட்டை முழுவதையும் ஒரே அணு தரும் பிணைப்பு). அடர்த்தி கால் பங்குக்கு மேல் சரிகிறது, உருகிய திரவம் மின்சாரத்தை அநேகமாகக் கடத்துவதே இல்லை. அலுமினியம் எடுக்கும் ஆலைகள் இந்த எளிதில் உருகும் குளோரைடை விட்டுவிட்டு, அலுமினாவை (அலுமினியம் ஆக்சைடை) உருகிய கிரையோலைட் என்ற கனிமத்தில் 950 டிகிரிக்கு மேல் கரைத்து மின்னாற்பகுப்பது ஏன் என்பதற்கு இது ஒரு காரணம்.

வெள்ளி அயோடைடில் படிகக்கூடு கணக்கு விலகுவதும் இதனால்தான். வெள்ளி அயனி சோடியத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது, ஆனால் அதன் வெளிக்கூட்டில் இருக்கும் பத்து டி எலக்ட்ரான்கள் அணுக்கருவைச் சரியாக மறைப்பதில்லை. எனவே அது பக்கத்து அயனியைக் கூடுதலாக இழுக்கிறது. உப்பு கரையும், வெள்ளி குளோரைடு கரையாது, வெள்ளி அயோடைடு கரையாததோடு மஞ்சளாகவும் இருக்கும். வெள்ளீயத்தில் இதை ஒரே உலோகத்துக்குள் பார்க்கலாம்: இரண்டு இணைதிறன் கொண்ட குளோரைடு 247 டிகிரியில் உருகும் திண்மம், நான்கு இணைதிறன் கொண்டது 114 டிகிரியில் கொதிக்கும் திரவம், ஈரக் காற்றில் புகையும்.

‘உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனி’ என்ற குறுக்குவழிக்கு எதிர்ப்பக்கம் நிற்பது நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு. ஓர் உலோக அணுகூட இல்லாத அயனிச் சேர்மம். அம்மோனியம் அயனிக்குள் நைட்ரஜனும் நான்கு ஹைட்ரஜனும் சகப்பிணைப்பில், அந்த அயனி மொத்தமாகக் குளோரைடோடு அயனிப் பிணைப்பில். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர், காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரத் தூளைத் தேய்த்ததும் வெள்ளைப் புகை கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். சூட்டில் அம்மோனியம் தன் புரோட்டானைக் குளோரைடிடம் விட்டுவிடுகிறது. அம்மோனியா, ஹைட்ரஜன் குளோரைடு என்று சகப்பிணைப்பு வாயுக்கள் இரண்டு எழுகின்றன. அந்த ஹைட்ரஜன் குளோரைடு பித்தளையின் மேலிருக்கும் ஆக்சைடைத் தின்று சுத்தப்படுத்த, ஈயம் ஒட்டுகிறது. மிச்ச வாயு மேலே போய்க் குளிர்ந்ததும் மறுபடி அயனித் திண்மமாகிறது, புகையாகத் தெரிவது அதன் நுண்துகள். சமையல் சோடா, சுண்ணாம்புக்கல், படிகாரம் எல்லாவற்றிலும் இதே போல இரண்டு பிணைப்பும் ஒரே பொருளில் இருக்கின்றன.

எது உறுதி, எது வழக்காடத்தக்கது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். உப்பு அயனிகளால் ஆனது என்பதில் சந்தேகமில்லை. எக்ஸ் கதிர் அளவீட்டில் அயனிகளுக்கு நடுவே எலக்ட்ரான் அடர்த்தி ஏறக்குறையப் பூஜ்யத்துக்கு இறங்குகிறது, உருகினால் மின்சாரம் கடத்துகிறது, படிகக்கூடு கணக்கு பொருந்துகிறது. ஹைட்ரஜன், நைட்ரஜன் மூலக்கூறுகளும் மீத்தேனும் சகப்பிணைப்பு என்பதிலும் சந்தேகமில்லை. சதவீதங்கள்தான் இளகிய தரை. ஹைட்ரஜன் புளோரைடுக்குப் பாலிங்கின் சூத்திரம் 55 என்கிறது, இருமுனை திருப்புத்திறன் 41 என்கிறது. பின்னதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது, பிணைப்பில் சேராத தனி இரட்டைகளும் அந்த அளவீட்டில் கலந்திருக்கும். கார்பன் மோனாக்சைடில் வேறுபாடு 0.89 இருந்தும் திருப்புத்திறன் 0.1 டிபை அளவுதான், அதுவும் எதிர்முனை கார்பன் பக்கம் இருக்கிறது! அணுவின் எல்லை எங்கே முடிகிறது என்பதை இயற்கை குறித்து வைக்கவில்லை. ஒவ்வொரு கணக்கீட்டு முறையும் அந்த எல்லையை ஒவ்வோர் இடத்தில் போடுகிறது, எண்ணும் அதற்கேற்ப மாறுகிறது. முழு நூறு சதவீத அயனிப் பிணைப்பு என்று எதுவும் கிடையாது. ஆவி நிலையில் தனியாகத் திரியும் சோடியம் குளோரைடு ஜோடிகூட 79 சதவீதம்தான் காட்டுகிறது, அதில் அணுக்களிடைத் தூரமும் 282-லிருந்து 236 பிக்கோமீட்டராகக் குறுகியிருக்கும்.

புதிதாக ஒரு சேர்மத்தைக் கொடுத்து எந்த வகை என்று கேட்டால், முதலில் அதில் அம்மோனியம், கார்பனேட், சல்பேட் போன்ற கூட்டு அயனி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெளியே அயனி, உள்ளே சகப்பிணைப்பு. இல்லையென்றால் நேர் அயனியின் மின்னேற்றத்தைப் பாருங்கள். ஒன்று, இரண்டு என்றால் பெரும்பாலும் அயனி, பெரிலியம், பாதரசம் போன்றவை தவிர. மூன்று, நான்கு என்றால் எதிர் அயனியின் பருமனைக் கவனியுங்கள். கழித்தல் கணக்கு அதற்குப் பிறகு. உருகுநிலையும் உருகியபின் மின்கடத்தலும் கொடுத்திருந்தால் கழித்தலைவிட அவற்றையே நம்புங்கள். 1.7 விதியைக் கேட்டால் விதியை எழுதி, கூடவே ‘தோராயமானது’ என்று ஒரு சொல் சேருங்கள். ஹைட்ரஜன் புளோரைடைக் கேட்டால் முனைவுற்ற சகப்பிணைப்பு என்றும், அயனியாக்கும் ஆற்றலையும் புரோட்டானின் அளவையும் காரணமாகவும் எழுதுங்கள். அலுமினியம் குளோரைடைக் கேட்டால் ‘நீரற்ற’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், மதிப்பெண் போவதே அதில்தான். தண்ணீரில் போட்டால் அது சீறிச் சூடாகி, ஆறு நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த அலுமினியம் அயனியாகவும் குளோரைடாகவும் பிரிந்துவிடும், அந்தக் கரைசல் உங்கள் எல்இடியை நன்றாகவே எரிய வைக்கும்.